கோவையிலிருந்து சென்னை 405 கிலோமீட்டர்: வான்வழித் தொலைவும் பயண நேரமும் கணக்கிடப்படும் விதம்

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 405 கிலோமீட்டர். இவ்வழித்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிச் செல்லக்கூடியது. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கின்படி தொலைவை வேகத்தால் வகுத்தால் அரை மணி நேரம்கூட வரவில்லை. ஆனால் பயணச்சீட்டைப் பார்த்தால் புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் இடையே ஒரு மணி பத்து நிமிடமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கிறது. மீதி நாற்பது நிமிடம் எங்கே போனது என்று முதன்முறை விமானம் ஏறுபவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. தொலைவு என்ற எண்ணும் நேரம் என்ற எண்ணும் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால் அதற்கு விடை கிடைத்துவிடும். கொங்கு நாட்டில் நம் கைக்கெட்டும் தூரத்தில் கோவையிலும் சேலத்திலும் விமான நிலையங்கள் இருப்பதால், அவற்றைக் கொண்டே இதைப் பார்க்கலாம்.

தொலைவு எங்கிருந்து எங்கு வரை?

வான்வழித் தொலைவு என்பது இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவு அன்று; இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவு. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதன் ஓடுபாதையை ஒட்டி ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி பூமியில் எங்கிருக்கிறது என்பதை அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்ற இரண்டு எண்களால் குறிக்கிறார்கள். அவிநாசி சாலையில் பீளமேட்டை அடுத்துள்ள கோவை விமான நிலையம் வடக்கு 11.03 பாகையிலும் கிழக்கு 77.04 பாகையிலும் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் வடக்கு 12.99 பாகையிலும் கிழக்கு 80.17 பாகையிலும் இருக்கிறது. கோவை ரயில் நிலையம் பீளமேட்டுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதோ, சென்னை சென்ட்ரல் மீனம்பாக்கத்துக்கு வடக்கே இருக்கிறது என்பதோ இந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்த நான்கு எண்களைக் கொண்டு தொலைவை நாமே காகிதத்தில் கண்டுபிடித்துவிடலாம். வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது பூமியில் எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகையின் நீளம் நிலநடுக்கோட்டில் அதே 111 கிலோமீட்டராக இருந்து, துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். தீர்க்கக்கோடுகள் அனைத்தும் துருவத்தில் ஒன்றுகூடுவதே அதற்குக் காரணம். நம் தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அது சிறிதளவே குறைந்து ஏறத்தாழ 109 கிலோமீட்டராக இருக்கிறது. கோவைக்கும் சென்னைக்கும் வடக்கு தெற்கு வேறுபாடு 1.96 பாகை; அதை 111 ஆல் பெருக்கினால் 218 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு வேறுபாடு 3.13 பாகை, அதை 109 ஆல் பெருக்கினால் 341 கிலோமீட்டர். இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். 218 இன் வர்க்கத்தையும் 341 இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 405 வருகிறது. குறிப்புப் புள்ளியின் பின்ன இலக்கம் சற்று மாறினாலும், பூமியை முழு உருண்டையாகக் கொள்வதா, துருவங்களில் சற்றுத் தட்டையானதாகக் கொள்வதா என்பதைப் பொறுத்தும், ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்பின்னாக வரும். ஓரிடத்தில் 403 என்றும் இன்னோரிடத்தில் 405 என்றும் கண்டால், இரண்டில் ஒன்று தவறு என்று எண்ண வேண்டியதில்லை.

இந்த முக்கோண முறை சில நூறு கிலோமீட்டர் வரைதான் செல்லுபடியாகும். அதற்கு மேல் பூமியின் வளைவு குறுக்கிடும். உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களின் மேல் ஒரு நூலை வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் எந்த வழியில் அமைகிறதோ அதுவே அவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அந்த நூலை நீட்டிக்கொண்டே போனால் பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டம் கிடைப்பதால் அந்தப் பெயர். தட்டையான சுவர் வரைபடத்தில் இந்தப் பாதை வளைந்து தெரியும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு இயக்கிய முதல் நேரடி விமானம் வட துருவப் பகுதிக்கு மேலாக வந்தது. வரைபடத்தில் பார்த்தால் சுற்றுவழி போலத் தோன்றும் அந்தப் பாதை, உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால் குறுக்குவழி என்பது விளங்கும். கோவை சென்னை போன்ற தொலைவுகளில் பெருவட்டமும் நேர்கோடும் ஒன்றே என்று கொள்வதில் பிழையில்லை.

விமானிகள் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய அளவு கடல் மைல். ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பிரித்து, வடக்கு தெற்காக ஒரு கலையின் நீளத்தை ஒரு கடல் மைல் என்று முன்னோர் கொண்டார்கள். இன்று அது சரியாக 1.852 கிலோமீட்டர் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அறுபதை 1.852 ஆல் பெருக்கிப் பார்த்தால், மேலே நாம் பயன்படுத்திய 111 எங்கிருந்து வந்தது என்பது புலப்படும். கோவை சென்னைத் தொலைவு 219 கடல் மைல். மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேகத்தை ஒரு நாட் என்கிறார்கள்.

நேர்கோட்டின் கீழே என்ன இருக்கிறது?

இந்த நேர்கோட்டைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் ஒரு முறை வரைந்து பார்க்கும்படி நான் எல்லோரையும் கேட்டுக்கொள்வேன், ஏனென்றால் சாலைத் தொலைவும் வான்வழித் தொலைவும் ஏன் வேறுபடுகின்றன என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டுவதில்லை. பீளமேட்டில் தொடங்கும் கோடு அவிநாசியை ஒட்டிச் சென்று, காவிரியும் பவானியும் கூடும் பவானிக்கு அருகே ஆற்றைக் கடந்து, சேலத்தை நெருங்குகிறது. கோவையிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் கிட்டத்தட்ட இதே திசையில்தான் போகிறது. ஆகவே சேலம் வரை சாலைக்கும் கோட்டுக்கும் பெரிய பகை இல்லை. சேலத்துக்குப் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. கோடு மலைகளைப் பொருட்படுத்தாமல் அரூருக்குக் கிழக்கே தன் நடுப்புள்ளியைத் தொட்டு, திருவண்ணாமலை மாவட்டத்தின் வழியாகச் சென்னையை நோக்கி நேராக ஏறுகிறது. சாலையோ ஆத்தூர், கள்ளக்குறிச்சி என்று கிழக்கே போய், உளுந்தூர்பேட்டையில் திரும்பி வடக்கே செல்கிறது; அல்லது கிருஷ்ணகிரி, வேலூர் என்று வடக்கே சுற்றுகிறது. ரயில் பாதை ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று மேலும் வடக்கே வளைகிறது. இதனால் சாலையிலும் ரயிலிலும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஆகிறது. அதாவது வான்வழியைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதல்.

இந்தக் கூடுதல் விகிதம் எல்லா வழிகளுக்கும் ஒன்றாக இருக்காது. கோவையிலிருந்து பெங்களூரின் கெம்பேகௌடா விமான நிலையம் வான்வழியில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான். அந்தக் கோடு சத்தியமங்கலத்துக்கு அருகே சென்று காட்டையும் மலையையும் தாண்டி வடக்கு நோக்கிப் போகிறது. தரையில் அதே திசையில் போக வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். அதைத் தவிர்க்க விரும்பிச் சேலம், தருமபுரி, ஓசூர் என்று சுற்றிப் போனால் பெங்களூர் நகரை அடையவே 360 கிலோமீட்டரை ஒட்டி ஆகிறது. இடையில் மலை இருந்தால் வான்வழிக்கும் தரைவழிக்கும் உள்ள இடைவெளி விரியும் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

விமானமும் இந்தக் கோட்டின் மேலேயே நூல் பிடித்தாற்போலப் பறப்பதில்லை. வானத்திலும் வழிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டுச் செல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து வெளியேறுவதற்கும் உள்ளே வருவதற்கும் தனித்தனித் தடங்கள் உண்டு. இராணுவப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட வான்பகுதிகளைத் தவிர்க்கவோ, அனுமதி பெற்றுக் கடக்கவோ வேண்டும். கோவை விமான நிலையத்துக்குக் கிழக்கே பதின்மூன்று கிலோமீட்டர் அளவில் சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. தேஜஸ் போர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. இரண்டு ஓடுபாதைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது ஒன்றில் நடப்பதை மற்றொன்று அறிந்தே இயங்க முடியும். ஆகவே உண்மையில் பறக்கும் தொலைவு 405 ஐவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

அரை மணி நேரம் ஏன் ஒரு மணி நேரமாகிறது?

விமானப் பயண நேரம் என்று பயணச்சீட்டில் அச்சிடப்படுவது, விமானம் வானில் இருக்கும் நேரம் அன்று. நின்றிருக்கும் விமானம் உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் நின்று மறுபடியும் கட்டை வைக்கப்படும் கணம் வரை உள்ள காலத்தையே பயண நேரமாகக் கொள்கிறார்கள். விமானத்துறையினர் இதை பிளாக் டைம் என்று அழைப்பார்கள். சக்கரம் தரையை விட்டு எழுந்து மீண்டும் தரையைத் தொடும் வரை உள்ள நேரம் இதைவிடக் குறைவு.

கட்டை எடுக்கப்பட்ட விமானம் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டும், இயந்திரங்கள் இயக்கப்பட வேண்டும், ஓடுபாதையின் முனைக்கு மெல்ல உருண்டு செல்ல வேண்டும், இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். ஓடுபாதைக்கு இணையாக முழு நீளத்துக்கும், விமானம் உருண்டு செல்வதற்கான தனிப் பாதை (டாக்சி பாதை) இல்லாத சிறிய விமான நிலையங்களில், ஓடுபாதையிலேயே முனை வரை சென்று திரும்பிய பின்புதான் புறப்பட முடியும். புறப்படும் ஊரில் பத்து நிமிடமும் சேரும் ஊரில் ஐந்து முதல் பத்து நிமிடமும் இவ்வாறு தரையிலேயே கழியும்.

ஆனால் நேரத்தைப் பெரிதும் தின்பது தரை அன்று, ஏறுவதும் இறங்குவதும்தான். மணிக்கு 830 கிலோமீட்டர் என்பது மெல்லிய காற்று உள்ள உயரத்தில் மட்டுமே எட்டப்படும் வேகம். பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானங்கள் பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் பறக்க வேண்டும். புறப்பட்ட விமானம் இந்த வரம்பில் ஏறி, பிறகு வேகத்தைக் கூட்டிக்கொண்டே 30,000 அடியை எட்டுவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. தொலைவிலும் 150 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் ஒரு விதி உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் தேவை. முப்பதாயிரம் அடியிலிருந்து இறங்க வேண்டுமென்றால் தொண்ணூறு கடல் மைலுக்கு முன்பே, அதாவது சென்னைக்கு ஏறத்தாழ 167 கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இரண்டையும் 405 இலிருந்து கழித்துப் பார்த்தால், முழு வேகத்தில் சமமாகப் பறப்பதற்கு எஞ்சுவது நூறு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு சிறு துண்டு. சேலத்துக்கு மேலே போகும்போது ஏறி முடித்த விமானம், திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் நுழையும்போதே இறங்கத் தொடங்கிவிடுகிறது. குறுந்தொலைவுப் பயணத்தில் உச்ச வேகத்தைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடுவது, காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகும் பேருந்தின் நேரத்தை அது நெடுஞ்சாலையில் போகக்கூடிய வேகத்தைக் கொண்டு கணக்கிடுவதற்கு ஒப்பாகும்.

இதனால்தான் தொலைவைக் கொண்டு நேரத்தைத் தோராயமாகச் சொல்லும் கணிப்பான்கள் பெரும்பாலும் ஓர் எளிய வழியைப் பின்பற்றுகின்றன: தொலைவை மணிக்கு 800 கிலோமீட்டர் போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, வரும் விடையோடு அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகின்றன. கோவை சென்னைக்கு இவ்வாறு ஒரு மணி நேரம் வருகிறது. அந்த அரை மணி நேரம் மந்திர எண் எதுவும் இல்லை. தரையில் உருள்வதற்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதற்கும் கொடுக்கப்படும் ஈடு. விமான நிறுவனங்கள் இதற்கு மேலும் சில நிமிடங்களைச் சேர்த்தே கால அட்டவணையை அமைக்கின்றன. சென்னையில் நெரிசலான வேளையில் சிறிது நேரம் வானில் வட்டமிட நேர்ந்தாலும் அட்டவணை குலையாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். சில நாட்களில் பத்து நிமிடம் முன்னதாகவே சென்று சேர்ந்துவிடுவதற்கும் இந்தக் கூடுதல் நிமிடங்களே காரணம்.

சேலத்திலிருந்து பறப்பவர்களுக்கு

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் 1993 இல் திறக்கப்பட்டது. நீண்ட இடைவெளிகளுக்குப் பின், சிறு ஊர்களுக்கு விமான இணைப்பு தரும் அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் தொடங்கியது. அதுவும் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கின. அதன் ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். கோவையின் ஓடுபாதையோ ஏறத்தாழ 2,990 மீட்டர். இந்த வேறுபாடு பயண நேரத்திலும் எதிரொலிக்கிறது. ஏ320 போன்ற ஜெட் விமானங்கள் நிறை பாரத்தோடு வசதியாக இயங்க 1,800 மீட்டர் போதாது. ஆகவே சேலத்துக்கு ஏடிஆர் 72 எனப்படும், சுழலும் உந்துவிசிறிகளைக் கொண்ட டர்போபிராப் விமானங்கள் வருகின்றன. எழுபதுக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த விமானம் நிறை பாரத்தோடு எழும்ப ஏறத்தாழ 1,300 மீட்டர் போதும். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் இருக்கும்.

சேலத்துக்கும் சென்னைக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 265 கிலோமீட்டர். 500 ஆல் வகுத்தால் 32 நிமிடம். அரை மணி நேரத்தைக் கூட்டினால் ஒரு மணியைச் சற்றே தாண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெட் விமானம் ஏடிஆரைவிட மணிக்கு 300 கிலோமீட்டர் கூடுதல் வேகம் உடையது என்பதால், பயணம் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்று தோன்றலாம். உண்மையில், 405 கிலோமீட்டர் கோவை சென்னைப் பயணத்திலேயே ஏடிஆர் எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் இருபது நிமிடத்தை ஒட்டியதுதான். ஏடிஆர் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. ஆகவே ஏறவும் இறங்கவும் செலவிடும் தொலைவு குறைவு. தன் இயல்பான வேகத்தில் அது நீண்ட நேரம் பறக்கிறது. ஜெட் தன் வேகத்தைக் காட்டுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடுகிறது. குறுந்தொலைவுக்கு இத்தகைய விமானத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த வருத்தம் தேவையற்றது என்பது என் கருத்து. எரிபொருள் குறைவாகச் செலவாவதால் சிறு ஊர்களுக்கு விமானம் வருவதே இதனால்தான் சாத்தியமாகிறது.

கோவைக்கும் சேலத்துக்கும் இடையே ஒரு விமானம் விட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. வான்வழித் தொலைவு 139 கிலோமீட்டர். ஏடிஆர் வேகத்தில் 17 நிமிடம், அதோடு அரை மணி. ஆக 47 நிமிடம். இதில் பாதிக்கு மேல் தரையிலும் திருப்பங்களிலும் செலவாகும் நேரம். பயணி ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக வந்து காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும் பேருந்தையும் அதைவிட விரைவான ரயிலையும் விட்டுவிட்டு யாரும் இதற்குப் பணம் கட்ட மாட்டார்கள்.

காற்றும் ஓடுபாதையின் திசையும்

விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்பவும் இறங்கவும் விரும்பும். எதிர்காற்று இறக்கைகளுக்குத் தூக்குவிசை கொடுத்து, தேவைப்படும் ஓடுதூரத்தைக் குறைக்கிறது. கோவை ஓடுபாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக அமைந்திருக்கிறது. அதன் ஒரு முனைக்கு 05 என்றும் மறுமுனைக்கு 23 என்றும் எண். திசைகாட்டியில் 50 பாகை, 230 பாகை என்பவற்றின் சுருக்கம் அவை. கோவையிலிருந்து சென்னை இருக்கும் திசை ஏறத்தாழ 57 பாகை. ஆகவே வடகிழக்கு முகமாக எழும்பும் விமானம் எழும்பியவுடனேயே சென்னைத் திசையில் இருக்கிறது. தென்மேற்கு முகமாக எழும்பினால் முதலில் எதிர்த்திசையில் போய், அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றைப் பற்றிக் கொங்கு நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்கு வெறும் பழமொழி அன்று. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். அக்காலத்தில் விமானங்கள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத் தென்மேற்கு முகமாக எழும்புகின்றன. சென்னை செல்லும் விமானம் பாலக்காட்டுப் பக்கமாக எழும்பித் திரும்புவதைக் கண்டு குழம்பத் தேவையில்லை. சென்னையிலும் அதே பருவத்தில் மேல்காற்று வலுத்திருந்தால் இறங்கும் விமானம் நகரைக் கடந்து கடல் பக்கம் போய், திரும்பி, மேற்கு முகமாகத் தரையிறங்க வேண்டியிருக்கும். ஆகப் புறப்படும் இடத்தில் ஒரு திருப்பம், சேரும் இடத்தில் ஒரு திருப்பம். அதே நாளில் சென்னையிலிருந்து கோவை வரும் விமானத்துக்கோ இரண்டும் நேராக அமைந்துவிடுகின்றன: மேற்கு முகமாக எழும்பி, வடகிழக்கிலிருந்து வந்து, திரும்பாமலே கோவையில் இறங்கலாம். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும்போது இந்த நிலை அப்படியே தலைகீழாகிவிடும். ஒரே வழித்தடத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் சில நிமிடங்கள் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

உயரத்தில் வீசும் காற்று தரையில் வீசும் காற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் தாழ்வான உயரங்களில் காற்று மேற்கிலிருந்து வீச, வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து வலுவான காற்றோட்டம் ஒன்று தென்னிந்தியாவின் மேலாக ஓடுகிறது. தரையில் நின்று மரக்கிளை அசைவதைப் பார்த்து விமானத்துக்கு எதிர்காற்றா பின்காற்றா என்று முடிவுகட்ட முடியாது.

காற்றின் விளைவை ஒரு கணக்கால் பார்ப்போம். 400 கிலோமீட்டரை மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 48 நிமிடம். மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால் தரையைப் பொறுத்த வேகம் 450 ஆகி, நேரம் 53 நிமிடத்துக்கு மேல் போகிறது. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 550 ஆகி, 44 நிமிடத்துக்குள் முடிகிறது. போகவர மொத்தம் 97 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 96 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது முழுவதும் திரும்பப் பெற முடிவதில்லை, ஏனென்றால் எதிர்காற்றில் விமானம் கூடுதலான நேரம் சிக்கியிருக்கிறது.

வெளிநாட்டுப் பயணத்தில் கடிகாரம்

கோவையிலிருந்து சார்ஜாவும் சிங்கப்பூரும் செல்பவர்கள் இன்னொரு குழப்பத்தைச் சந்திப்பார்கள். பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். சார்ஜா ஏறத்தாழ 2,770 கிலோமீட்டர். மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து அரை மணியைக் கூட்டினால் 3 மணி 50 நிமிடம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. காலை 6 மணிக்குப் புறப்பட்டால் அங்கே இறங்கும்போது 8.20 தான் ஆகியிருக்கும். இரண்டே மணி இருபது நிமிடத்தில் போய்விட்டதாகத் தோன்றும். அங்கிருந்து காலை 6 மணிக்குப் புறப்பட்டால் கோவையில் 11.20 ஆகியிருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது; அங்கே இதற்கு நேர்மாறாக நடக்கும்.

வீட்டு வாசல் முதல்

இதுவரை சொன்னதெல்லாம் முட்டுக்கட்டை எடுப்பதிலிருந்து முட்டுக்கட்டை வைப்பது வரை உள்ள நேரம். பயணி செலவிடும் நேரம் அதைப்போல நான்கைந்து மடங்கு ஆகலாம். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே பதிவு மேசையை மூடிவிடுவார்கள். 25 நிமிடம் முன்பு ஏறும் வாயிலையும் மூடிவிடுவார்கள். ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருப்பதே பாதுகாப்பு. ஈரோட்டிலிருந்து கோவை விமான நிலையம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி, ஒன்றரை மணி, பறக்கும் ஒன்றேகால் மணி, மீனம்பாக்கத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர அரை மணி, மெட்ரோவில் சென்ட்ரல் போய்ச் சேர முக்கால் மணி. கூட்டினால் ஆறு மணி நேரம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை சென்னை வந்தே பாரத் ரயில் முழு வழியையும் 5 மணி 50 நிமிடத்தில் கடக்கும்படி விடப்பட்டது. ஈரோட்டில் ஏறுபவருக்கு அதைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும். ஈரோட்டாருக்கு ரயிலே விரைவானது என்று நான் தயங்காமல் சொல்வேன். பீளமேட்டிலோ சின்னியம்பாளையத்திலோ வசிப்பவர் கிண்டியில் ஒரு வேலையை முடிக்க வேண்டுமென்றால், இரண்டு முனைகளும் விமான நிலையத்தை ஒட்டியே இருப்பதால், மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அவருக்கு விமானத்தை வெல்ல எதுவும் இல்லை. திருப்பூர்க்காரர் இவ்விருவருக்கும் நடுவில் நிற்கிறார். ஏறத்தாழ 45 கிலோமீட்டர் அவிநாசி சாலைப் பயணமும், அந்தச் சாலையின் அன்றைய நெரிசலும் அவருடைய கணக்கைத் தீர்மானிக்கும்.

அழைத்துவரப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். சீட்டில் உள்ள சேரும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தில் வந்து நிற்க வேண்டிய நேரம். கதவு திறந்து, வரிசையாக இறங்கி, சரக்குப் பட்டையில் பெட்டி வரும் வரை காத்திருந்து வெளிவாசலுக்கு வர இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். விமானம் காலை 8.40 க்குச் சேரும் என்று இருந்தால், பெட்டி ஒப்படைத்த பயணி 9 மணிக்கு முன் வெளியே வருவது அரிது. கைப்பையோடு மட்டும் வருபவர் 8.50 க்கே வாசலில் நிற்பார்.